மூன்று நிமிடம் முந்திய குரல்

நர்மதாவுக்குத் தொண்டை கட்டி யாரும் பார்த்ததில்லை. காசிமேட்டு மீன் ஏலத்தில் அவள் அம்மா பச்சையம்மா கூவிக் களைத்துப்போகும் நாட்களில், பள்ளிச் சீருடையோடு கூடைக்குப் பின்னால் நின்று ஏலம் கூறியவள் அவள். படகு எஞ்சின்களின் இரைச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம், வியாபாரிகளின் ஏச்சுப்பேச்சு எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல் தனியாகக் கேட்கும். பன்னிரண்டாவது முடித்த பிறகு ஒரு கால் சென்டரில் நான்கு வருடம் வேலை பார்த்தாள். அங்கே அந்தக் குரலை அடக்கச் சொன்னார்கள். பேச்சையும் மாற்றச் சொன்னார்கள். 'இன்னா' என்று வாயில் வந்துவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரிப்பார்கள். கல்யாணமானதும் அந்த வேலையை விட்டதில் அவளுக்குத் துளியும் வருத்தமில்லை.

கணவன் பொன்ராஜ் கண்டெய்னர் லாரி ஓட்டினான். துறைமுகத்து வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் அவனுடையதும் ஒன்று. சில நாள் பகல் முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். அதிகம் பேசமாட்டான். அவளைத் திட்டியதும் இல்லை, கொண்டாடியதும் இல்லை. திருவொற்றியூரில் மாடி வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார்கள்.

கல்மண்டபம் பகுதியில் எபினேசரின் செல்போன் கடைக்கு அவள் ஒருநாள் போனுக்கு உறை வாங்கப் போனாள். எபினேசர் நாசரேத்துப் பக்கத்துக்காரர். மொத்த வியாபாரம், ஏரியாவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கடைக்கு ஆள் வரட்டும் என்று மொபைல் விளையாட்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கியிருந்தார். நான்கு நான்கு பேராக அணி சேர்ந்து, திரைக்குள் ஒரு தீவில் இறங்கி, துப்பாக்கியோடு ஒருவரை ஒருவர் வேட்டையாடும் ஆட்டம். கடைசிவரை நிற்கும் அணி ஜெயிக்கும். அன்று கடை வாசலில் பெரிய திரை கட்டி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மைக் பிடித்திருந்த பையன் அரைகுறை ஆங்கிலத்தில் திணறிக்கொண்டிருந்தான். கூட்டம் கொட்டாவி விட்டது.

நர்மதா பக்கத்தில் நின்றவளிடம் சும்மா சொன்னாள்: "தோ பாரு, ஜன்னலாண்ட குந்திகினு கீறான் ஒருத்தன். அவன் பின்னாடியே இன்னொருத்தன் வரான். வாடகை வசூல் பண்ண வர்றா மாரி எவ்ளோ சோக்கா வரான் பாரேன்!"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சுற்றியிருந்த ஐம்பது பேரும் சிரித்தார்கள். அண்ணாச்சி வந்து மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

அப்படி ஆரம்பித்தது. அந்த விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டாள். ராயபுரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஜெமிமாவும் அவளுடைய மூன்று தோழிகளும் 'ஹார்பர் ஃபோர்' என்ற பெயரில் அணி வைத்திருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து, எந்தத் துப்பாக்கி எது, புகைக்குண்டு எதற்கு, எப்போது ஓட வேண்டும், எப்போது பதுங்க வேண்டும் என்று மூன்று மாதம் பாடம் கேட்டாள். இரண்டாவது வருடம் போட்டி ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாறியது. மூன்றாவது வருடம் நேரடி ஒளிபரப்பில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் நர்மதாக்காவைக் கேட்கத்தான் வந்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பேச்சுக்காக அவளைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்தப் பேச்சுக்கு இப்போது மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாராட்டு வந்தது.

ஒளிபரப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. மண்டபத்தில் நடப்பது மூன்று நிமிடம் தாமதமாகத்தான் வெளியே போகும். மேடைக்குப் பின்னால் தனியறையில் ஆடுகிறவர்கள் ஒளிபரப்பைத் திறந்து எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துபோன முடிவு, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு மூன்று நிமிடம் கழித்துத்தான் தெரியும். நர்மதா இதைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

அந்த மூன்றாவது வருடம்தான் பொன்ராஜ் மண்டபத்துக்கு வர ஆரம்பித்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்புவான். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பான். அந்த ஆட்டத்தின் தலையும் வாலும் அவனுக்குப் புரியாது. இருந்தும் வருகிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். சனிக்கிழமையே அவன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள். அம்மாவிடம் போனில், "எம்மா, அவரு என் பேச்ச கேக்கத்தாம்மா வராரு. வாயத் தொறந்து சொல்லமாட்டாரு, அவ்ளோதான்" என்று பெருமைப்பட்டுக்கொள்வாள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவன் அவளுக்காகச் செய்த ஒரே காரியம் அது என்று அவள் நினைத்திருந்தாள்.

அரையிறுதியில் ஹார்பர் ஃபோரும் எண்ணூர் அணி ஒன்றும் கடைசியாக மிஞ்சின. ஹார்பர் ஃபோரில் ஜெமிமா மட்டும்தான் பாக்கி. எண்ணூர்க்காரர்கள் மூன்று பேர். ஒரு கிடங்குக்குள் புகைக்குண்டு வெடித்துத் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. உள்ளே ஒரு உருவம் விழுந்தது.

"பூட்ச்சு! ஜெமிமா காலி! ஹார்பர் ஃபோர் கதை முட்ஞ்சிது!" என்று நர்மதா அலறினாள்.

விழுந்தது ஜெமிமா அல்ல. அரை நிமிடம் கழித்துப் புகை விலகியபோது, மாடிப்படியின் அடியிலிருந்து ஜெமிமா எழுந்து வந்து மீதி இரண்டு பேரையும் வரிசையாகச் சாய்த்தாள். மண்டபம் அதிர்ந்தது. நர்மதா தலையில் அடித்துக்கொண்டு, "என் கண்ணுல மண்ணு! செத்தவ எந்திரிச்சு வந்து கணக்கு தீத்துட்டா!" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக மைக்கைக் கீழே வைத்தது கிடையாது. திரும்பிப் பார்த்தபோது பொன்ராஜின் நாற்காலி காலியாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வீட்டுக்கு வந்தான். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"யோவ், இன்னாய்யா இது? யாரு அட்ச்சது?"

"நீதாண்டி அட்ச்ச."

"இன்னா ஒளற்ற?"

"செத்துட்டான்னு ஏண்டி சொன்ன? கண்ணு தெர்ல? ஒரு நிமிசம் பொறுத்து சொன்னா ஒன் வாய் தேஞ்சா பூடும்?"

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கிழிந்த உதட்டில் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவன் ஆத்திரத்தில் கொட்டினான். மண்டபத்துக்குள் நுழையும்போதே சட்டைப் பையில் இருக்கும் போனில் ஒருவனுக்கு அழைப்பைப் போட்டுவிடுவான். ஆட்டம் முடியும்வரை அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டம் அவள் வர்ணனையைக் காதில் வாங்கிக்கொண்டு, வெளியே யாருக்கும் முடிவு தெரியாத அந்த மூன்று நிமிடத்துக்குள் பந்தயம் கட்டும். பந்தயச் செயலிகளுக்குத் தடை வந்த பிறகு எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டது. அதில் எதிர்ப்பக்கம் கட்டுகிறவன் வீட்டில் மூன்று நிமிடம் பிந்திய ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏமாளி. ஒரு வாரம்கூட அவர்கள் தோற்றதில்லை. இன்றைக்கு அவள் வாய் தவறியது. ஜெமிமா போய்விட்டாள் என்று நம்பி எண்ணூர் பக்கம் மொத்தமாகக் கட்டித் தோற்றார்கள். அந்த ஆத்திரத்தில் அவனைப் பிடித்து அடித்தார்கள்.

"அப்போ நீ என்னக் கேக்க வர்ல" என்றாள் நர்மதா.

"இன்னா?"

"இத்தினி வாரம் வந்தியே. என்னக் கேக்கத்தான் வந்தியா, இல்லியா? அத்த சொல்லு."

அவன் அவளை ஏதோ கிறுக்குப் பிடித்தவளைப் போலப் பார்த்தான். உதடு கிழிந்து நிற்கும்போது இவள் எதைக் கேட்கிறாள் என்ற எரிச்சல் அவன் முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பதில். கையிலிருந்த பஞ்சைத் தரையில் போட்டுவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே கல்மண்டபத்தில் நின்றாள். அண்ணாச்சி ஜெபம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணவன் பெயரை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பந்தயம் கட்டுதானுவன்னு தெரியும்மா. இப்படி போன் போட்டுக் கேக்கானுவன்னு தெரியாது." தொடர்ந்து துடைத்துக்கொண்டே, "கூட்டம் எதுக்கு வருதுன்னு நெனைக்க? ஆட்டம் பாக்க மட்டும் இத்தன பேரு வருவானுவளா? நாமளா கட்டச் சொன்னோம்?" என்றார்.

"என் வாய வெச்சு கட்டிகினு கீறாங்க அண்ணாச்சி. இனிமே நான் பேசினா அது வர்ணனையா, துப்பா?"

இறுதிப் போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது. அவள் இல்லாமல் நடத்த முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் கேட்டதை எல்லாம் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். வாசலில், பார்க்க வருகிற எல்லோருடைய போனையும் வாங்கி டோக்கன் கொடுப்பது. ஆடுகிறவர்களும் மண்டபத்தில் வேலை செய்கிறவர்களும் பந்தயத்தில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. பந்தயம் கட்டுகிறான் என்று தெரிந்தவனை யாராக இருந்தாலும் உள்ளே விடாமல் இருப்பது.

"யாரா இருந்தாலுமா?" என்று அழுத்திக் கேட்டார்.

"யாரா இருந்தாலும்."

ஞாயிற்றுக்கிழமை அவளே வாசலில் நின்றாள். போனைக் கொடுக்கச் சொன்னதும் பாதிப் பேர் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்தத் திரும்பிப் போன கூட்டத்தைப் பார்த்தபோதுதான் அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கு உறைத்தது. மூன்று மணிக்குப் பொன்ராஜ் வந்தான். இந்த முறை அவனே இஸ்திரி போட்டுக்கொண்ட சட்டை. வீட்டில் ஆறு நாளாகப் பேச்சில்லை. எதுவுமே நடக்காதது போல அவளைத் தாண்டி நடந்தான்.

"போன குடு" என்றாள்.

"எனக்கேவா?"

"ஒனக்குத்தான்யா மொதல்ல."

வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன் போனைக் கொடுக்காமல் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "நர்மதா, பத்து பேரு பாக்கறாங்க. மானத்த வாங்காத. அவனுங்க கைல நான் பதில் சொல்லணும். இன்னிக்கு ஒரு நாளு."

"இன்னிக்கு நீ போன குட்த்தாலும் உள்ள வரக் கூடாது. கெளம்பு."

அவன் கெஞ்சியது ஒரு கணம் அவளை அசைத்தது. அந்தக் கூட்டம் மறுபடியும் அடித்தால்? ஆனால் நகரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, எதிரே நின்ற ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து போனான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. சடையங்குப்பத்தில் அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் அவள் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "நான் பெருசா படிச்சவ இல்ல, புத்தி சொல்ல வர்ல. ஒண்ணு மட்டும் கேளுங்க. நீ இந்தப் பொண்ணுங்க மேல பந்தயம் கட்டுனா, அவ தோத்தா ஒனக்குக் கோவம் வரும். ஜெயிச்சா எதிர்ல கட்டுனவனுக்கு சந்தேகம் வரும். அப்பால ஆட்டத்த யாருதான் பாக்கறது? ராவும் பகலும் பழகிகினு வந்து ஆட்றாங்க. பாக்கறதுன்னா பாருங்க. கட்றதுன்னா வூட்டுக்குப் போங்க."

பாதி நாற்காலிகள் காலி. கைதட்டல் சொற்பம். ஆனால் அந்த ஆட்டம் சுத்தமாக நடந்தது. நாற்பது நிமிடம் ஹார்பர் ஃபோர் நான்கு பேரும் ஒரு ஆளைக்கூட இழக்காமல் ஆடினார்கள். நர்மதா அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கோப்பையைத் தூக்கியபோது ஜெமிமா அழுதாள். பெண்கள் அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அரையிறுதியில் அவள் "ஜெமிமா காலி" என்று அலறிய எட்டு விநாடியை வெட்டி எடுத்து, கூடவே பொன்ராஜ் யாரோ இரண்டு பேரோடு டீக்கடையில் நிற்கும் போட்டோவை ஒட்டி, மேலே 'வித்துட்டா' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி ஆளைக் கவிழ்த்தாள். பங்கு தகராறில் அவனை வெளியே தள்ளினாள். இறுதிப் போட்டியும் முன்கூட்டியே பேசி முடித்ததுதான், இல்லையென்றால் எதற்குப் போனைப் பிடுங்க வேண்டும்? கதை கோர்வையாக இருந்தது. வேறு ஒருத்தியைப் பற்றி இதே கதையைக் கேட்டிருந்தால் தானும் நம்பியிருப்போம் என்று நர்மதாவுக்குத் தோன்றியது. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதினாள். அங்கிருந்த ஏட்டு படித்துப் பார்த்துவிட்டு, "புருஷன் பேரும் இதுல கீதே. அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள். பொன்ராஜைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மண்டபத்திலிருந்து அவன் அழைத்துவந்த ஆளுடையது என்று கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை. எச்சரித்து அனுப்பினார்கள். பச்சையம்மா மகள் வீட்டு வாசலில் நின்று, "கட்டனவனையே ஸ்டேஷன்ல ஏத்துனவளோட அம்மா நீதானான்னு என்னக் கேக்கறாங்கடி. எனக்கு ஏலத்தாண்ட தலை காட்ட முடியல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

அண்ணாச்சி போனில் பேசினார். குரல் மிகவும் தன்மையாக இருந்தது. "ஒம்மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. கர்த்தருக்குத் தெரியும். ஆனா பேரு கெட்டுப்போச்சுல்லா? கொஞ்ச நாளு ஒதுங்கி இரு."

அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. நர்மதா மணலியில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். பொதிகளின் முகவரியைப் பார்த்துப் பிரித்துப் போடும் வேலை. வாயைத் திறக்கத் தேவையில்லை. வார விடுமுறையில் கேமிங் சென்டர்களுக்குப் போய், ஆட்டத்தில் பந்தயம் வேண்டாம் என்று பேச அனுமதி கேட்டாள். தண்டையார்பேட்டையில் ஒருவர் மட்டும் பேச விட்டார். மற்ற இடங்களில் அவளைக் கண்டதுமே உள்ளேயிருந்து ஒரு குரல், "ஜெமிமா காலி!" என்று அவளைப் போலவே அலறும். எல்லோரும் சிரிப்பார்கள். நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருடம் போட்டி இன்னும் பெரிய மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஆளுயரப் பலகை: 'பந்தயம் கட்டாதீர்.' போன் வாங்கும் மேசை இல்லை. கூட்டம் குறைகிறது என்று எடுத்துவிட்டார்கள். புது வர்ணனையாளன் வெளியூர்க்காரன். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் நர்மதா அன்றைக்குப் பேசியதன் ஒலிப்பதிவைப் போட்டார்கள், சினிமாவில் புகையிலை எச்சரிக்கை போடுவதைப் போல. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கட்றதுன்னா வூட்டுக்குப் போங்க" என்ற இடம் வரும்போது மண்டபமே சேர்ந்து கத்துமாம். கத்திக்கொண்டே போனைத் திறப்பார்களாம். கிடங்கில் கூட வேலை செய்யும் செங்கொடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நர்மதா கேட்டுக்கொண்டு அடுத்த பொதியை எடுத்தாள்.

அந்த வாரம்தான் ஜெமிமா அவளைத் தேடி வந்தாள். மாலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, டேங்கர் லாரிகள் கிளப்பிய புழுதியில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கடந்து வந்தாள்.

"நான் ஆட்றத வுட்டுட்டேன்க்கா. டீமே கலைஞ்சிடுச்சு" என்றாள்.

"ஏம்மே? நீங்கதானே கோப்ப வாங்குனீங்க?"

"அதனாலதான். எங்க போனாலும் அது பேசி வெச்ச ஆட்டம்னு சொல்றாங்க. லேப்ல கூட சொல்றாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க அந்த வீடியோவக் காட்டி, இது நீதானான்னு கேக்கறாங்க. அப்பா கோப்பைய அட்டப்பெட்டியில போட்டுக் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டாரு." முகத்திலிருந்து துப்பட்டாவை விலக்கினாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. எண்ணூர்க்காரங்க கூட ஆடுனப்போ நீங்க தப்பா சொன்னது, தப்பாத்தானே சொன்னீங்க? வேணும்னு இல்லியே?"

நர்மதா அவளையே பார்த்தாள். மூன்று மாதம் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அவளே கேட்கிறாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது; கோபம் வரவில்லை.

"பொகையில கண்ணு தெர்லமா. அவ்ளோதான்."

"கடைசி ஆட்டம்? அதுல எதிர் டீமு யார்கிட்டயும் எதுவும் வாங்கலியே? நாங்களாதானே ஜெயிச்சோம்?"

"நீங்கதான் ஜெயிச்சீங்க. நான் பாத்தேன். நாப்பது நிமிசமும் கண்ணு சிமிட்டாம பாத்தேன்."

ஜெமிமா தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. திருவொற்றியூர் பஸ் வந்து நின்றது. நர்மதா ஏறிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் லாரிகளுக்கு இடையில் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். நடத்துநர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறைதான் அவளுக்குக் குரல் எழும்பியது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.